ஏகமனதாகப் பிரிந்தோம்

மதுரையில் உங்கள் கட்சிக்குக் கிளை என்று ஒன்று இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இருந்தது. ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்தது. உறுப்பினர்கள் பதினோரு பேர். முக்குக்கு முக்கு மாநிலக் கட்சிகளின் கொடி பறந்த எழுபதுகளில், டெல்லியில் தலைமையகம் வைத்திருந்த ஒரு கட்சிக்கு இந்தப் பக்கம் பதினோரு பேர் சேர்ந்ததே பெரிய காரியம். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. அப்படிச் சிரித்தவர்களும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுத வேண்டும் என்றால் எங்களிடம்தான் வந்தார்கள்.

என்னைச் செயலாளர் ஆக்கியது என் அறிவைப் பார்த்து அல்ல, என் மெஷின்களைப் பார்த்து. கல்யாணத்தின்போது, நகையைக் குறைத்துக்கொண்டு மூன்று டைப்ரைட்டர் வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் அடம்பிடித்தவள் நான். மூன்று எட்டாகி, சந்தில் பாதிப் பிள்ளைகள் என்னிடம்தான் லோயரும் ஹையரும் பாஸ் செய்தார்கள். கிளையின் முந்தைய செயலாளர் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொள்ள சோழவந்தானுக்கே போய்விட, டெல்லியிலிருந்து இங்கிலீஷில் வருகிற சுற்றறிக்கைகளைத் தமிழில் அடித்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பெண் நான் ஒருத்திதான்.

புகுந்த வீட்டில் என்னிடம் கேட்கிற ஒரே அபிப்பிராயம் குழம்பில் புளி போதுமா என்பதுதான். கிளையின் முதல் கூட்டத்தில் தலைவர் எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பி, "செயலாளர் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படுகிற இடத்தை எவனுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

தலைவர் பரவைக்காரர். விவசாயக் குடும்பம், காய்கறி வியாபாரமும் உண்டு. வெள்ளை வேட்டி, கனத்த குரல், மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும். துணைத் தலைவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். இருவரும் இளவட்ட வயதில் ஒரே மறியலில் கைதாகி ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் முழுக்க அடைத்து வைக்கப்பட்டவர்கள். அன்றிலிருந்து இவர் அவருக்கு மாப்ள, அவர் இவருக்கு மாப்ள. சாதியும் வேறு, ஊரும் வேறு.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. வகுப்பு இல்லாத நாள் என்பதால் மெஷின்கள் ரெக்ஸின் உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் ஓர் உறுப்பினர், மிச்சப்பேர் பெஞ்சில். நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது உறைக்குள் விரலை விட்டு எழுத்தைத் தட்டிப் பார்ப்பார். "கைய எடுங்கண்ணே" என்று நான் கத்துவேன். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லையே தவிர, கிளையில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் அதுதான்.

அந்த வருஷம் கிளை கையில் எடுத்திருந்தது கூடைக்காரப் பெண்களின் விஷயம். பரவைப் பக்கமிருந்து விடியற்காலையில் காய்கறிக் கூடையோடு மதுரை மார்க்கெட்டுக்கு வருகிற பெண்களை டவுன் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஆபீஸ் போகிறவர்களின் சட்டை நனைகிறது என்பது காரணம். பாவம், தலைச்சுமையாக அவ்வளவு தூரம் நடந்தே வருவார்கள். காலை ஐந்தரைக்கு ஒரு பஸ் விட வேண்டும், அதில் பின்பக்க சீட்டு இரண்டைக் கழற்றிவிட்டால் கூடை வைக்க இடம் கிடைக்கும் என்பது எங்கள் கோரிக்கை. சீட்டைக் கழற்றுகிற யோசனை துணைத் தலைவருடையது. பஸ்ஸுக்குள் ஏறி நூல் பிடித்து அளந்து, முழுத்தாளில் படமே வரைந்து வைத்திருந்தார். நாங்கள் அலையாய் அலைந்த பிறகு, டிப்போ மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்.

அதற்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது டெல்லியில் கட்சி உடைந்தது.

காலைப் பேப்பரில் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். நாலு நாளில் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. இரண்டிலும் அதே கட்சிப் பெயர், அதே சின்னம், அடியில் பொதுச்செயலாளர் என்று வேறு வேறு கையெழுத்து. உங்கள் கிளை உண்மையான கட்சியோடு இருக்கிறதா என்று உடனே தீர்மானம் போட்டு அனுப்பவும் என்று இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். டீக்கடையில் எங்களைக் கிண்டலில் குளிப்பாட்டினார்கள். "பதினோரு பேரை எப்படிண்ணே பிரிப்பீங்க, ஆளுக்கு அஞ்சரையா?" என்று ஒருவன் கேட்க, தலைவர் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாருடைய கையும் மெஷின் உறைக்குள் போகவில்லை. தலைவர் பழைய தலைமையோடு இருக்க வேண்டும் என்றார். துணைத் தலைவர், பழைய தலைமை சட்டதிட்டத்தை மீறிவிட்டது, புதியவர்கள்தான் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று கட்சி விதிப் புத்தகத்தை விரித்து வரிவரியாகப் படித்தார். தலைவர் பக்கம் ஐந்து பேர், துணைத் தலைவர் பக்கம் ஐந்து பேர். பதினொன்றாவது ஆள் நான். "செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

மனசுக்குள் நான் தலைவர் பக்கம்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னால் ஐந்து பேர் எழுந்து போவார்கள், கூடைக்காரப் பெண்களின் மனு குப்பைக்குப் போகும், எனக்கென்று இருந்த ஒரே சபையும் கலைந்துவிடும். "டெல்லிக்காரங்க உடைஞ்சா உடையட்டும். டிப்போ மேனேஜரைப் பாக்குறவரைக்கும் நாம உடைய வேணாம்" என்றேன். பிறகு தலைவர், "மாப்ள, இந்தப் பொண்ணு சொல்றது நாயமாத்தான் இருக்கு" என்றார். துணைத் தலைவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து வாசகத்தை எழுதிக் கொடுத்தார். 'இக்கிளை இன்றைய தேதியில் ஒன்றாகவே உள்ளது. பஸ் கோரிக்கை முடியும்வரை எத்தரப்பையும் சாராது' என்பது தீர்மானம். அன்றைக்கே மெஷினில் தாள் ஏற்றி அடித்தேன். பதினோரு பேரும் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் டெல்லியின் இரண்டு விலாசத்துக்கும் தபாலில் சேர்த்தேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது. எதை அடித்தாலும் கார்பன் வைத்து அடிப்பது என் வழக்கம். மேல் தாள் அசல், கீழ்த் தாள் நகல். கையெழுத்து இரண்டிலும் மையில்தான் இருந்தது. என் விலாசப் புத்தகத்தில் பழைய தலைமையின் விலாசம் மேலே இருந்தது, புதிதாக எழுதிய விலாசம் கீழே. மேல் தாள் மேல் விலாசத்துக்குப் போயிற்று. நான் யோசிக்கவே இல்லை.

டெல்லியில் யோசித்திருக்கிறார்கள். எட்டாம் நாள் புதிய தரப்பின் மாவட்ட அமைப்பாளர் ஒருவர் ஸ்கூட்டரில் கோர்ட்டுக்கே போய், துணைத் தலைவர் முன்னால் அந்த நீலக் கார்பன் நகலைப் போட்டாராம். "அவங்களுக்கு அசல், நமக்கு நகலா? உங்க கிளை ஒண்ணா இருக்குற லட்சணத்தைப் பாருங்க" என்றாராம். அன்று சாயங்காலமே துணைத் தலைவரும் அவர் பக்கத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்ட விலகல் கடிதம் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்துவிட்டது. அதில் தலைவரை மாப்ள என்றோ அண்ணன் என்றோ குறிப்பிடவில்லை. 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. அதைப் படித்த தலைவர், "மதிப்பிற்குரியவனா? நானா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அன்றைக்கு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. எந்தக் கிளை உடையக் கூடாது என்று எல்லோரையும் மடக்கினேனோ அதை என் கையாலேயே உடைத்திருந்தேன். வீட்டுக்காரர், "ஒரு கார்பன் பேப்பருக்கா இம்புட்டு?" என்று கேட்டு என் எரிச்சலைக் கிளப்பினார். கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் அது புரியும்.

மறுநாள் வகுப்பை மூத்த மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு கோர்ட்டுக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் ஒரு மேஜை, அதில் கட்டுக்கட்டாக வக்காலத்துத் தாள்கள், நடுவில் அவர். "வாம்மா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, கோவமா?"

"கோவம் எதுக்கு? தெளிவாயிருச்சு."

"மேல இருந்த தாள் மேல இருந்த விலாசத்துக்குப் போச்சு. அம்புட்டுத்தான். நான் ஒண்ணும் நெனைச்சுச் செய்யல."

"நான் நகல் எடுத்தே குடும்பம் நடத்துறவன். அசலுக்கு என்ன மரியாதை, நகலுக்கு என்ன மரியாதைன்னு எனக்கே சொல்லித் தாரியா?"

எனக்கும் சுருக்கென்றது. குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு தாள்லயும் பதினோரு பேரும் மையிலதானே கையெழுத்துப் போட்டிருக்கோம்? உங்க கோர்ட்ல அது செல்லுமா, செல்லாதா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகச் சொன்னார்: "கோர்ட்ல செல்லும்மா. கட்சியில செல்லாது."

உண்மையைத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை டிப்போவுக்காவது வருவீங்களா?" என்று கேட்டேன். "எங்க அஞ்சு பேரும் தனியா வருவோம்" என்றார். படம் வரைந்த முழுத்தாள் அவரிடம்தான் இருந்தது. அதைக் கேட்காமலே திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டிப்போ வாசலில் நாங்கள் ஆறு பேர் ஒரு பக்கம், அவர்கள் ஐந்து பேர் எதிர்ப்பக்கம். நடுவில் மூன்று கூடைக்காரப் பெண்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் மனுவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மனு ஒண்ணு. கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு கூட்டமா நிக்கிறீங்க. நான் யார்கிட்டப் பேசணும்?" என்று கேட்டார். கேட்ட தோரணையிலேயே, இதைச் சாக்காக வைத்து எங்களை அனுப்பிவிடலாம் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

தலைவர் அந்தப் பேச்சுக்காக மூன்று நாள் தயார் செய்திருந்தார். என்னிடமே இரண்டு தடவை பேசிக் காட்டினார். மேடை கிடைத்தால் விடுகிற ஆள் அல்ல அவர். அப்படிப்பட்டவர் ஓர் அடி பின்னால் வந்து, கையை எதிர்ப்பக்கம் காட்டினார்.

"அவருகிட்டப் பேசுங்க சார். சீட்டைக் கழட்டுற யோசனை அவரோடது. அளந்து வரைஞ்சதும் அவருதான். எனக்குச் சத்தம் போடத்தான் தெரியும்."

துணைத் தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. கக்கத்திலிருந்த தாளை எடுத்து மேஜையில் விரித்தார். எத்தனை கூடை வைக்கலாம், சொட்டுகிற தண்ணீர் வழிந்து போக அடியில் எங்கே துளை போடலாம், ஆபீஸ்காரர்கள் ஏறுவதற்கு முன்பே இந்த டிரிப் எப்படி முடிந்துவிடும் என்று கோர்ட் கேஸ் கட்டைப் போல அடுக்கினார். மேனேஜர் ஒரு கேள்வி கேட்டால் இவர் இரண்டு பதில் சொன்னார். முடிக்கும்போது, "இது எங்க கிளையோட தாழ்மையான கோரிக்கை சார்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. திருத்திச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்றார் மேனேஜர். கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி அங்கேயே குலவை போட, டிப்போவில் பாதிப்பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் இருந்த பெருமையை எந்தத் தேர்தல் வெற்றியும் கொடுத்திருக்காது. நாங்கள் வெற்றி பார்த்த தேர்தலும் கிடையாது என்பது வேறு விஷயம்.

சினிமாவாக இருந்தால் வாசலில் இருவரும் கட்டிப் பிடித்திருப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. துணைத் தலைவர் சைக்கிளை எடுத்துக்கொண்டே, "தலைவரே, ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுங்க. பிரியிறதுன்னு ஆயிப்போச்சு, ஒழுங்காப் பிரிவோம்" என்றார். டெல்லி விஷயத்தில் அவர் கருத்து மாறவில்லை. தலைவரும் மாறவில்லை. கொள்கை என்றால் அவர்கள் இருவருக்கும் விளையாட்டு இல்லை, அதனால்தான் எனக்கு இருவர் மேலும் மரியாதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். கிளை இரண்டாகப் பிரிவது என்ற தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். துணைத் தலைவர் வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. தாலுகாவுக்குத் தாலுகா நாற்காலி பறந்து, போலீஸ் வந்து ஆபீஸைப் பூட்டிச் சீல் வைத்த காலம் அது. இந்தியாவிலேயே ஒரு கட்சிக் கிளை ஏகமனதாகப் பிரிந்தது எங்கள் சந்தில் மட்டும்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். யாராவது வேறு கிளையைக் காட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

நிபந்தனைகளைத் துணைத் தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மாதத்தில் முதல், மூன்றாம் ஞாயிறு ஒரு தரப்புக்கு இன்ஸ்டிடியூட். இரண்டாம், நான்காம் ஞாயிறு மறு தரப்புக்கு. ஐந்தாவது ஞாயிறு வருகிற மாதங்களில் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பொதுக் காரியங்களைப் பார்ப்பது. பஸ் விஷயம் என்றைக்கும் பொது. கடைசியில் தலைவர், "செயலாளர் எந்தப் பக்கம்?" என்றார். நான் எழுந்து நின்று, "பழைய தலைமை பக்கம்" என்றேன். "இது தெரிஞ்ச சங்கதிதானே" என்று துணைத் தலைவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் பாரம் இறங்கியது. ஆனால் டைப் அடிக்கிற வேலை இரண்டு பக்கத்துக்கும் நானே செய்வேன் என்றேன். அதற்கும் மறுப்பு இல்லை. இந்த முறை கார்பனைத் தொடவில்லை. இரண்டு தடவை தனித்தனியாக அடித்து, இரண்டிலும் பதினோரு கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பிரிந்து போகிறவர்களின் தீர்மானத்தை இருக்கிறவர் எப்படி முன்மொழியலாம் என்று விளக்கம் கேட்டு டெல்லியின் ஒரு விலாசத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் பதில் போடவில்லை.

சீட்டு கழற்றிய பஸ் முதன்முதலாகப் பரவையிலிருந்து கிளம்பிய காலையில் இரண்டு கிளையும் வந்திருந்தோம். ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு கோஷம். வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போடுவதிலும் போட்டி. பெண்கள் கூடைகளைப் பின்னால் அடுக்கிவிட்டு அவற்றின் மேலேயே கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டார்கள். கத்தரிக்காயும் ஈரச் சாக்குமாக வாசனை வண்டி முழுக்க நிறைந்திருந்தது. நாங்கள் முன்பக்கம் ஏறினோம், அவர்கள் நடுப்பக்கம். கண்டக்டர் முதலில் தலைவரிடம் வந்தார்.

"எத்தனைண்ணே?"

"பதினொண்ணு."

நடுவிலிருந்து துணைத் தலைவர் எழுந்தார். "தலைவரே, நாங்க அஞ்சு பேரு தனி. எங்க டிக்கெட்டை நாங்க எடுத்துக்குவோம்."

தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டெல்லியில தனியா இரு மாப்ள. பரவை பஸ்ல என்ன தனி? பேசாம உக்காரு."

வண்டியில் எல்லோரும் துணைத் தலைவரைத்தான் பார்த்தோம். அவர் நின்றுகொண்டே இருந்தார். கண்டக்டர் பதினோரு டிக்கெட்டையும் கிழித்து, ஐந்தை அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கி, தன் ஆட்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, கடைசி டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி மாப்ள" என்று சொல்லி உட்கார்ந்தார்.